ஆளுக்கொரு எண்ணெய்

எங்கள் கட்டடத்தின் நிலவறையில்
முப்பத்தொரு சைக்கிள்கள்.
காற்றடிக்கும் பம்பு ஒன்றே ஒன்று.
அதற்காக வரிசையில் நிற்கும் நேரத்தில்தான்
ஔலு நகரத்தின் அறிவெல்லாம் கைமாறும்.

நான் தெற்கேயிருந்து வந்தவள்.
துர்க்குவில் ஒரு மழைக்கோட்டோடு காலம் தள்ளலாம்.
இங்கே நவம்பர் பிறந்த அன்றே
என் சங்கிலிக்கு
ஆளுக்கொரு எண்ணெய் சொன்னார்கள்.

"ஆணி பதித்த டயர். இரண்டு சக்கரத்துக்கும்"
என்றார் இல்போ.
விலை கேட்டேன்.
அதைவிடக் குறைவாகக் கொடுத்துத்தான்
நான் சைக்கிளையே வாங்கியிருந்தேன்.
"முன்னால் மட்டும் போதும்"
குறுக்கே வெட்டினாள் தெல்லெர்வோ.
பன்னிரண்டு குளிர்காலமாக அவள் அப்படித்தான்.
மணிக்கட்டில் நீளமாய் ஒரு தழும்பு.
அது கோடையில் வந்தது என்பாள்,
கேட்காமலே.

காற்றைக் குறை,
கட்டைவிரல் கொஞ்சம் அமுங்கும் பதத்துக்கு.
பூட்டின் வாய் தரையைப் பார்க்கட்டும்.
விளக்கின் பேட்டரியை
சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோ, குஞ்சைப் போல.
ரொட்டி சுற்றிவந்த பிளாஸ்டிக் உறையை
இரண்டு காலுறைகளுக்கு நடுவே போடு
(இது சைமி சொன்னது.
இந்த ஒன்றுக்குத்தான் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.
ரொட்டி உறை என்னிடம் ஏராளம்,
பேக்கரியில் வேலை).
கையுறை வாங்கினால் நண்டுக் கையுறை வாங்கு,
விரல்கள் ஜோடி ஜோடியாய் இருந்தால்தான் பிழைக்கும்.
மூக்கை மூடாதே, கண்ணாடி பனிக்கும்.
மூக்கை மூடு, மூக்கு வேண்டாமா?

ரெய்யோ கடைசியில்தான் பேசுவார்.
விடியுமுன் செய்தித்தாள் போடுகிறவர்,
தாடி முழுக்க மெழுகு வாசனை.
"எண்ணெய் எதுவாகவும் இருக்கட்டும், பெண்ணே.
தண்ணீர் ஆகாது.
என்ன ஆனாலும் சரி,
வண்டிமேல் ஒரு சொட்டு ஈரம் ஆகாது."
நிலவறை முழுக்கத் தலையாட்டியது.
நானும் ஆட்டினேன்.

பிப்ரவரி. மைனஸ் இருபத்தெட்டு.
அதிகாலை நாலு மணி, ஆற்றுப் பாலம்.
மிதிக்கிறேன், மிதி சுற்றுகிறது.
சங்கிலி சுற்றுகிறது.
சைக்கிள் மட்டும் நகரவில்லை.
பின்சக்கரக் குடத்துக்குள் கிரீஸ் இறுகி
பல் எதையும் கவ்வவில்லை.
இந்த நோயைப் பற்றி
வரிசையில் ஒருவர்கூடச் சொல்லவில்லையே என்று
ஒவ்வொருவரையும் பேர் சொல்லித் திட்டிக்கொண்டு நின்றேன்.
திட்டும்போது வாய் கொஞ்சம் சூடாக இருந்தது.

பின்னால் ஆணிகள் பொரியும் சத்தம்.
ரெய்யோ இறங்கினார்,
என் மிதியை ஒருமுறை கையால் சுழற்றினார்.
தன் பையிலிருந்து ஃப்ளாஸ்கை எடுத்தார்.
எனக்குத்தான் என்று கையை நீட்டினேன்.
என்னைத் தாண்டிக் குனிந்து
குடத்தின் மேல் ஊற்றினார்,
முழுக் காபியையும், நிதானமாக.
ஆவி எழுந்து அவர் தாடியில் வெள்ளையாய் உட்கார்ந்தது.
டிக்.
டிக் டிக்.

"தண்ணீர் ஆகாது என்றீர்களே?"
"இது காபி."
மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்:
"நிற்காதே. நின்றால் திரும்ப உறையும்.
மிதிப்பதையும் விடாதே, சரிவிலும் விடாதே.
கீழே யாரிடமும் சொல்லாதே."

நான் நிற்கவில்லை.
வெறிச்சோடிய ஒரு சிவப்பு விளக்கில்கூட.
பேக்கரியில் அடுப்போரம் சக்கரத்தைச் சாய்த்து வைத்தேன்.
ஏலக்காய் பன்னின் மணத்துக்குள்
மதியம்வரை காபி வாடை வந்துகொண்டிருந்தது.
மேற்பார்வையாளர் இரண்டு தடவை முகர்ந்துபார்த்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே கட்டடத்துக்குப் புதிதாய் ஒரு மாணவன்.
மெல்லிய டயர், கையுறை இல்லாத கை.
சங்கிலிக்கு என்ன எண்ணெய் போடுவது என்று கேட்டான்.
ஐந்து பேர் ஐந்து பேர் சொன்னார்கள்.
தெல்லெர்வோ முன் டயரிலிருந்து தொடங்கினாள்.
ரெய்யோ தொண்டையைச் செருமி,
"தண்ணீர் மட்டும்…" என்றவர்
என்னைப் பார்த்து நிறுத்தினார்.

"காபி குடிப்பாயா?" என்று
அந்தப் பையனிடம் கேட்டேன்.
இல்லை, டீதான் என்றான்.
ரெய்யோ அதைக் கொஞ்சம் யோசித்தார்.
"சர்க்கரை போடாதே" என்றார்.

அதற்குள் என் முறை வந்துவிட்டது.
பம்பை வாங்கிக்கொண்டேன்.